எத்தனை தமிழ்க் கல்வெட்டுகள்? எண்ணிய முறையை முதலில் சொல்லுங்கள்

மைசூரில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் தமிழ் மைப்படிகள் எத்தனை என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஆளுக்கோர் எண் சொல்லப்படுகிறது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு ஆணையிட்டபோதும் அப்படியே. எந்த எண் பெரியது என்று வாதிடுவோர் பலர். எப்படி எண்ணப்பட்டது என்று கேட்போர் சிலரே. இரண்டாவது கேள்வியே ஆய்வாளர்க்குரியது என்பது என் கருத்து.

இன்று வரலாறு, மொழியியல் பயிலும் மாணவர் பலரும் இத்தகைய தரவை ஜாவாஸ்கிரிப்டில் கையாளுகின்றனர். ஒவ்வொரு கல்வெட்டும் ஓர் ஆப்ஜெக்ட். மொழி, எழுத்து, மரபு, ஊர் என்பன அதன் பண்புகள். எல்லாம் சேர்ந்தது ஓர் அணி. மொழிவாரியாக எண்ண நான்கு வரி போதும். ஃபில்டர் கொண்டு 'தமிழ்' என்ற மதிப்புடையவற்றைப் பிரித்து நீளத்தைப் பார்ப்பது பலருடைய வழக்கம். எனக்கு அது உவப்பானதன்று. நாம் தேடிய மதிப்பு மட்டுமே அதில் கிடைக்கும். தேடாதவை கண்ணில் படா. ரெட்யூஸ் கொண்டு ஒரே நடையில் எல்லா மதிப்புகளையும் எண்ணினால், மொழி குறிக்கப்படாதவையும் பிழையாகத் தட்டச்சிட்டவையும் தனித்தனி வரிசையாக வெளிப்பட்டுவிடும்.

அப்படி வெளிப்படுவன வியப்பளிக்கும். மரபுவாரியாக எண்ணினால் 'சோழர்' இருமுறை வரக்கூடும். ஓகார உயிர்மெய்யின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது; கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். நார்மலைஸ் என்ற செயற்கூறு இதைச் சீர்செய்யும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இட்டு 'கௌதமர்' என்பதைக் 'கெளதமர்' என அடித்திருந்தால் அதுவும் கைவிடும். அங்கே மனிதக் கண்தான் வேண்டும்.

இவையெல்லாம் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். தீர்மானிக்க வேண்டிய சிக்கல் வேறு. திருவாலங்காட்டுச் செப்பேடு சமஸ்கிருதமும் தமிழும் கொண்டது. ஆனைமங்கலச் செப்பேடும் அவ்வாறே. இவற்றின் மொழி என்னும் பண்பில் எதை இடுவது? முதலில் வரும் மொழியை மட்டும் இட்டால் இரண்டும் தமிழ்க் கணக்கிலிருந்து நீங்கும். இரண்டு மொழிகளையும் ஓர் உள்ளணியாக இட்டால், சாதாரண ஆப்ஜெக்ட் அதனைக் காற்புள்ளியால் இணைத்து 'சமஸ்கிருதம்,தமிழ்' என்றொரு புதுமொழியைப் படைத்துவிடும். வரிசை மாறினால் இன்னொரு மொழி! மேப் பயன்படுத்தினாலோ ஒவ்வோர் உள்ளணியும் தனித்தனிச் சாவியாகி, ஒவ்வொன்றும் ஒன்று என்றே எண்ணப்படும். ஃபிளாட்மேப் கொண்டு விரித்து எண்ணுவதே தகும் என்பேன். ஆனால் அப்போது மொழிகளின் கூட்டுத்தொகை ஆவணங்களின் தொகையை விஞ்சும். விழுக்காடு கணக்கிடுவோர் ஆவணத் தொகையாலேயே வகுக்க வேண்டும்.

எழுத்தும் மொழியும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது. கிரந்த எழுத்தில் அமைந்த சமஸ்கிருதப் பகுதியைத் தமிழென எண்ணுவதும் தவறு. மரபையோ மாநிலத்தையோ மொழிக்கு ஈடாகக் கொள்வதும் தவறு: போசளர் தலைநகராக இருந்த கண்ணனூர் தமிழ்நாட்டில் உள்ளது, சோழர் இராசராசபுரம் எனப் பெயரிட்ட தலைக்காடோ இதே மைசூர் மாவட்டத்தில் உள்ளது. கோலாரில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு என்பதை ரைஸ் தொகுத்த எபிகிராபியா கர்னாடிகாவைப் புரட்டியவர் அறிவர்.

மைப்படிகளைப் பிரித்து அனுப்புவதற்கும், எம்மொழிக்கு எத்தனை கல்வெட்டறிஞர் தேவை என்று கேட்பதற்கும் இந்த எண்களே அடிப்படையாகின்றன. எனவே ஆய்வேட்டில் எண் தருவோர், அதை ஈன்ற நிரலையும் இருமொழி ஆவணங்களை எண்ணிய விதியையும் பின்னிணைப்பாகத் தர வேண்டும். நெறியாளர்களும் தேர்வாளர்களும் வாய்மொழித் தேர்வில் அதைக் கேட்கத் தொடங்கலாம்.