மாணவர் தலைவர்களும் பகத்சிங்கும்

மாணவர் சங்கங்களுக்குத் தலைமை வகிக்கும் வாலிபத் தோழர்களுக்கு நாம் ஒரு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறோம். கடவுளைப் பரிசோதிக்கிறோம், சாஸ்திரத்தைப் பரிசோதிக்கிறோம், ஜாதியைப் பரிசோதிக்கிறோம் என்று மேடையேறி முழங்குகிறவர்கள், தங்களைத் தாங்களே என்றைக்காவது பரிசோதித்துப் பார்த்ததுண்டா? கைதட்டல் கிடைத்தால் தான் சொன்னதெல்லாம் சரி என்பதும், கூட இருப்பவன் ஒரு குறை சொன்னால் அவனைத் துரோகி என்பதும் தலைவனுடைய லட்சணமாகிவிட்டால், பிறகு மடாதிபதிக்கும் சங்கத் தலைவனுக்கும் என்ன வித்தியாசம்?

இதற்குத் தோழர் பகத்சிங்கின் வாழ்க்கையே தக்க பதிலாகும். லாகூரில் பள்ளி விடுதியிலிருந்த காலத்தில் அவர் மணிக்கணக்காகக் காயத்திரி ஜபித்தவர். பிறகு தேசியக் கல்லூரியில் மத விஷயங்களைத் தர்க்கம் செய்யத் தொடங்கியபோதும் கடவுள் நம்பிக்கை அவரை விட்டபாடில்லை. 1925-ல் காக்கோரி ரயில் கொள்ளை சம்பந்தமாக மூத்தவர்கள் கைதானதும், கட்சிப் பொறுப்பு 18 வயது வாலிபராகிய அவர் தலையிலும் விழுந்தது. அப்போது அவர் மாலைக்குக் கழுத்தை நீட்டினாரா? இல்லை. நம் கொள்கையில் நமக்கே ஒரு நாள் நம்பிக்கை போய்விடுமோ என்று பயந்தார். எதிரிக்குப் பதில் சொல்வதற்கு முன் தன் மனதுக்குப் பதில் வேண்டுமென்று புத்தகமும் கையுமாக உட்கார்ந்தார். 1926 முடிவதற்குள் கடவுள் என்பது ஆதாரமற்றது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

1930-ல் சிறையிலிருந்தபோது, பேரும் புகழும் தந்த கர்வத்தால்தான் அவர் நாத்திகம் பேசுகிறார் என்று சிநேகிதர்களே சொன்னார்கள். நம் தலைவர்களாயிருந்தால் மறுநாளே கண்டனக் கூட்டம் போட்டிருப்பார்கள்! அவரோ அதைத் தன்மீது வந்த ஒரு வழக்காகவே வைத்துக்கொண்டு விசாரித்து எழுதினார். ‘நான் ஏன் நாத்திகன்?’ என்ற கட்டுரை அதுதான். தோழர்கள் தன்னைச் சர்வாதிகாரி என்று சொன்னதை அவர் மறைக்கவில்லை; தன் அபிப்பிராயத்தைப் பிறர்மீது திணிப்பதாகச் சொன்ன குறையில் ஓரளவு உண்மையுண்டு என்றே ஒப்புக்கொண்டார். ஆனால் பேர் தெரியாதவனாயிருந்தபோதே தான் நாத்திகன் என்பதைக் காட்டி, கர்வம் வேறு, அறிவின் முடிவு வேறு என்று பிரித்துக் காட்டினார். 1927-ல் கைதானபோது பிரார்த்தனை செய்யும்படி போலீசார் வற்புறுத்தியும் அவர் செய்யவில்லை. 1931 மார்ச் 23-ந் தேதி, 23 வயதில், தூக்குமேடைக்குப் போகும்வரை அந்த முடிவு மாறவில்லை. தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்து அடைந்த முடிவை யார் அசைக்க முடியும்?

ஆகவே மாணவர் தலைவர்களே! பேசுமுன் எவ்வளவு படித்தோம்? நம்மை மறுத்துப் பேச, பயந்த சுபாவமுள்ளவனுக்கும் பெண்களுக்கும் இடம் கொடுத்தோமா? போன வருஷம் நாம் கொண்டிருந்த தப்பான அபிப்பிராயத்தில் எதை இந்த வருஷம் விட்டோம்? இவற்றை மாதம் ஒரு முறையாவது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிறரைச் சோதிக்க மட்டும் உபயோகப்படும் பகுத்தறிவு, பிறருக்கு மட்டும் உபதேசிக்கும் புரோகிதனுடைய மந்திரம் போன்றதேயாகும்.