பங்க் ராக் கச்சேரியில் எது ஆபத்து? மேடை முன் குதிப்பதா, வாசல் நெரிசலா? ஒகேனக்கல் காட்டும் ஒரு கணக்கு

காவிரியில் தண்ணீர் கூடினால் ஒகேனக்கல்லில் என்ன நடக்கும் என்பது அங்கே பரிசல் ஓட்டுபவருக்கும் தெரியும், மீன் வறுத்து விற்கும் அக்காவுக்கும் தெரியும். பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளப்பாங்க. விநாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி என்று ஒரு எண் வரும். அது எல்லையைத் தாண்டினால் அருவியில் குளிக்கத் தடை, பரிசல் இயக்கத் தடை. ஆடிப்பெருக்குக்கு குடும்பத்தோடு வந்து நின்றாலும் தண்ணீர் ஏறிவிட்டால் தடை தடைதான்.

ஒரு இசை நிகழ்ச்சியின் வாசலில் இதே கணக்கு ஏன் நடப்பதில்லை? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து இளைஞர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே பொருந்தும். பெரிய வெளிநாட்டு இசைக்குழு வந்தால் அவர்களுக்குப் பக்கத்து ஊர் சென்னை இல்லை, பெங்களூருதான்.

பங்க் ராக் இந்தியாவுக்கு வந்தாச்சா?

வந்தாச்சு. அமெரிக்காவின் 'கிரீன் டே' குழு 2025 மார்ச் மாதம் மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் லொல்லாபலூசா விழாவில் வாசித்தது. இந்தியாவில் அவர்களுக்கு அதுதான் முதல் மேடை. 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய பங்க், மூணு கார்டு தெரிந்தால் போதும், மேடை ஏறிக் கோபத்தைச் சொல்லலாம் என்ற இசை. 1978 ஏப்ரல் 30-ல் லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிராக நடந்த பெருங்கூட்டத்தில் 'தி கிளாஷ்' குழு வாசித்தது இன்றும் பேசப்படுகிறது.

தமிழில் இதற்கு நேர் சமமாக ஒன்றைக் காட்டுவது கஷ்டம். ஆனால் மனநிலையில் நெருக்கமானது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் குழு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் முறையாக மேடை ஏறியது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். பாட்டு முழுக்க சாதி எதிர்ப்பு. அறிவு, இசைவாணி என்ற பெயர்கள் பலருக்குத் தெரிய வந்ததும் இந்தக் குழு வழியாகத்தான்.

குதிக்கிற கூட்டம் ஆபத்தானதா?

பங்க் கச்சேரியில் நாற்காலி கிடையாது. மேடைக்கு முன்னால் வட்டமாக இடம் விட்டு ஒருத்தரை ஒருத்தர் மோதிக் குதிப்பாங்க. 'மோஷ் பிட்' என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் சண்டை மாதிரி இருக்கும். பிள்ளையை அனுப்பின பெற்றோருக்கு அந்த வீடியோ ஒன்று போதும், தூக்கம் போய்விடும். ஆனால் அதற்குள் ஒரு எழுதாத விதி உண்டு: யாராவது விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே நின்று தூக்கிவிட வேண்டும். அடி, சிராய்ப்பு, சுளுக்கு வரலாம். ஆனால் குதிக்க முடிகிறது என்றால் அங்கே இடம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பயப்பட வேண்டியது, குதிக்கவே முடியாத நிலைமைக்கு. கையைத் தூக்க முடியவில்லை, கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நாமும் போகிறோம் என்றால் அதுதான் அபாயம். ஒரு சதுர மீட்டரில் 5 பேருக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள் கூட்ட மேலாண்மை நிபுணர்கள். 7 பேரைத் தாண்டினால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்க ஆரம்பித்துவிடும். அப்போது யாருடைய பலத்துக்கும் அங்கே வேலை இல்லை.

'மிதிபட்டு இறந்தார்கள்' என்று செய்திகளில் வரும். பெரும்பாலும் நடப்பது அது இல்லை. நாலு பக்கமும் அழுத்தம் வரும்போது நெஞ்சு விரிய முடியாமல் மூச்சு நின்று போகிறது. நின்றபடியே இறந்தவர்களும் உண்டு. 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த 'ஆஸ்ட்ரோவேர்ல்ட்' இசை விழாவில் 10 பேர் உயிர் போனது இப்படித்தான்.

பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது?

நம் பக்கத்துச் சம்பவங்களைப் பார்த்தால் பெரும்பாலும் வாசலில்.

2023 நவம்பர் 25. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாடகி நிகிதா காந்தியின் நிகழ்ச்சி. பாட்டு ஆரம்பிக்கும் முன்பே மழை. வெளியே நின்றவர்கள் ஒதுங்க ஒரே நேரத்தில் அரங்க வாசலுக்கு ஓட, அங்கே கீழே இறங்கும் படிக்கட்டு. 4 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் கிரிக்கெட் வெற்றி விழா. 11 பேர் இறந்தது மைதானத்துக்குள் இல்லை, கேட்டுகளுக்கு வெளியே. ஒன்று பாட்டு, ஒன்று கிரிக்கெட். வாசல் மட்டும் ஒன்றுதான்.

சென்னைக்காரர்களுக்கு மறக்காதது 2023 செப்டம்பர் 10. பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்'. ஆகஸ்ட் 12-ல் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. டிக்கெட் கையில் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியவில்லை. குழந்தைகளோடு வந்தவர்கள் நெரிசலில் சிக்கினார்கள், பெண்கள் சீண்டலுக்கு ஆளானதாகப் புகார் சொன்னார்கள், கிழக்கு கடற்கரைச் சாலையில் முதலமைச்சரின் வாகனமே நெரிசலில் மாட்டியது. உயிரிழப்பு இல்லாமல் போனது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ரஹ்மான் மன்னிப்புக் கேட்டார், உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார், பணம் திருப்பித் தரப்பட்டது. ஏற்பாட்டாளர்கள் மீது வழக்கும் பதிவானது.

எப்போதும் வாசலில்தான் என்றும் சொல்லிவிட முடியாது. 2011 அக்டோபரில் 'மெட்டாலிகா' குழு இந்தியா வந்தபோது, டெல்லி பக்கத்தில் குர்கானில் மேடை முன் தடுப்பு உடைந்து நிகழ்ச்சியே ரத்தானது. ஆத்திரத்தில் ரசிகர்கள் மேடையை அடித்து நொறுக்கினார்கள். இரண்டே நாளில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அதே குழு முழுசாக வாசித்துவிட்டுப் போனது. குழு ஒன்றுதான், பாட்டும் ஒன்றுதான். 'ராக் ரசிகர்கள்னாலே ரவுடிங்க' என்று சொல்பவர்கள் இந்த இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அப்படியென்றால் யார் எண்ண வேண்டும்?

ஒகேனக்கல்லில் அளப்பவர் வேறு, தடை போடுபவர் வேறு, பரிசல் ஓட்டிச் சம்பாதிப்பவர் வேறு. தண்ணீர் அளவைச் சொல்பவருக்குப் பரிசல் வருமானத்தில் பங்கு இல்லை. கச்சேரியில் டிக்கெட் விற்பவரே எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற கணக்கையும் கையில் வைத்திருக்கிறார். இலவச பாஸ், கடைசி நேர விற்பனை எல்லாம் அந்தக் கணக்குக்குள் வருகிறதா என்று வாசலில் நிற்கும் போலீசுக்குத் தெரிய வழியில்லை. அனுமதிக் கடிதத்தில் ஒரு எண் இருக்கும். அதைத் தாண்டும் நிமிடத்தில் கேட்டை மூடு என்று சொல்லும் அதிகாரமுள்ள ஆள் அங்கே இருக்கிறாரா என்பதுதான் விஷயம்.

சின்னசாமி சம்பவத்துக்குப் பிறகு கர்நாடக அரசு கூட்டக் கட்டுப்பாட்டுக்கென்றே 2025-ல் மசோதா கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2025 செப்டம்பர் 27 கரூர் கூட்டத்தில் 41 பேர் இறந்த பிறகு விவாதம் சூடானது. ஆனால் பேச்சு பெரும்பாலும் அரசியல் கூட்டங்களைச் சுற்றியே ஓடுகிறது. டிக்கெட் விற்று நடத்தும் நிகழ்ச்சிகளுக்கும் அதே கண்டிப்பு வேண்டாமா?

டிக்கெட் வாங்கியவருக்கு என்ன உரிமை?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. டிக்கெட் வாங்கியும் உள்ளே விடவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நிகழ்ச்சி பெங்களூருவிலோ மும்பையிலோ நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஒகேனக்கல்காரர் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லிப் பார்க்கலாம். டிக்கெட் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டின ரசீது, வாசலில் எடுத்த வீடியோ மூன்றையும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.

போறவங்க கவனிக்க வேண்டியது

உள்ளே நுழைந்ததும் மேடையைத் தேடும் முன் வெளியே போகும் வழியைப் பாருங்கள். நீங்கள் வந்த வாசலில்தான் திரும்பும்போது எல்லோரும் முட்டுவாங்க. கூட்டம் இறுகினால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி, மூச்சு விட இடம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ள வேண்டாம். அலை தளரும் நேரத்தில் குறுக்காக, ஓரம் நோக்கி நகரலாம். சுவர், தடுப்புக் கம்பி பக்கம் ஒதுங்கினால் நசுங்கும் ஆபத்து அதிகம். போன் கீழே விழுந்தால் போகட்டும், குனியாதீர்கள்.

காதுக்கும் ஒரு வார்த்தை. 15 நிமிட சராசரியில் ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்தது. ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பவர்கள் மெடிக்கல் கடையில் கிடைக்கும் காதடைப்பானை வைத்துக்கொண்டால், மறுநாள் காதில் 'கொய்ங்' சத்தம் இருக்காது.

திறந்த வெளி நிகழ்ச்சி என்றால் ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்த வேண்டும், மாநில அரசு தனியாகத் தளர்வு கொடுத்தால் ஒழிய. அதனால் முக்கியக் குழு 8 மணிக்கே மேடை ஏறிவிடும், கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வாசலில் தள்ளுமுள்ளும் உச்சத்துக்குப் போகும். தர்மபுரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டிலேயே கிளம்பிவிடுவது நல்லது.