என்எல்சி: தேதி சொல்லட்டும் அரசு
நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எழும் நெய்வேலி என்எல்சி பொதுத்துறை நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பணிநிரந்தரக் கோரிக்கைக்கு ஒன்றிய அரசு காலவரையறையுடன் பதிலளித்தாக வேண்டும். இவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள், நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர் என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று. சுரங்கத்தில் கன்வேயரைச் சுத்தம் செய்வதும் கொதிகலனைப் பராமரிப்பதும் நிறுவனம் உள்ளவரை நீடிக்கும் பணிகள். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது பலியானவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். தொடர்தன்மையுள்ள பணிகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்யும் அதிகாரத்தை 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே அரசுக்கு அளித்திருந்தது. நிரந்தரமாக்கினால் செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால், நவரத்னா தகுதி பெற்ற நிறுவனத்துக்கு அது தாங்கவொண்ணாச் சுமையல்ல. கடலூர் மக்களவை உறுப்பினர் விஷ்ணு பிரசாத்தும் சிதம்பரம் உறுப்பினர் திருமாவளவனும் எழுத்துமூலப் பதிலோடு திருப்தியடையாமல், இணைந்து நின்று, பணிமூப்புப் பட்டியலையும் நிரந்தரமாக்கும் தேதியையும் அவையிலேயே கேட்டுப் பெற வேண்டும்.