பொறித்த எண்ணும் அளந்த எண்ணும்

நுண்ணோக்கிப் படங்களை ஆதாரமாகக் கொண்ட ஆய்வேடுகளில், பொருளருகு லென்சின்மேல் பொறித்திருக்கும் 1.4 என்ற எண்ணியல் துளை மதிப்பு தவறாமல் இடம்பெறுகிறது. படமெடுத்த நாளில் அந்த லென்சின் பிறழ்ச்சி எவ்வளவு என்பது அரிதாகவே இடம்பெறுகிறது. இவ்வழக்கம் மாற வேண்டும்.

துளை 1.4 எனில், எண்ணெயில் விளிம்புக் கதிர்கள் அச்சுக்கு ஏறத்தாழ 67 பாகை சாய்ந்து வருகின்றன. அத்தகைய சாய்வில் ஒளிவிலகல் எண்ணின் சிறு மாற்றமும் கோளப் பிறழ்ச்சியாகிவிடும். அமிழ்வு எண்ணெய்க்குக் குறிக்கப்படும் மதிப்பு பொதுவாக 23 பாகை செல்சியசுக்குரியது. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் அது 0.0003 முதல் 0.0004 வரை குறைகிறது. குளிரூட்டி நின்றுபோன திருவனந்தபுரத்து அறையோ எளிதில் 30 பாகையைத் தொடும். அன்றெடுத்த படத்தைக் கோட்பாட்டுப் புள்ளிப் பரவல் சார்பைக் கொண்டு கணினியில் கூர்மையாக்கினால், செல்லில் இல்லாத அமைப்புகளும் தோன்றலாம். ஒரு மாணவரின் பல்லாண்டு உழைப்பு அவற்றின்மேல் எழுப்பப்படலாம்.

1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடி விளிம்பில் 2.2 மைக்ரோமீட்டர் பிழை இருந்தது. துணைச் சோதனைகள் அதைக் காட்டியும், மிகத் துல்லியமானதெனக் கருதப்பட்ட ஒரு கருவியையே நம்பினார்கள்.

அலைமுகப்பை முழுமையாக அளக்க வெக்டர் விளிம்பு விளைவுக் கோட்பாடு தேவை. நேரமும் செலவும் ஆகும் என்பது உண்மையே. ஆனால் முதற்சோதனைக்கு 100 நானோமீட்டர் ஒளிர்மணிகள் போதும். குவியத்திற்கு மேலும் கீழும் மணியின் பிம்பம் ஒத்திராவிடில், கோளப் பிறழ்ச்சியைச் சந்தேகிக்க வேண்டும். அப்பிம்பத்தை ஒவ்வோர் ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் சேர்ப்பதைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்கட்டும்.