ஏரியும் மலையும் இருந்தால் மட்டும் டென்ட் போட்டுவிடலாமா?

செமஸ்டர் முடிந்து பத்து நாள் லீவு கிடைத்தால் போதும், திருவண்ணாமலை கல்லூரிப் பசங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்துவிடும். "மச்சி, இந்த வாட்டி லாட்ஜ் வேணாம், டென்ட் போடலாம்டா!" யாரோ ஒருவன் ஒரு ரீல்ஸ் பார்த்திருப்பான். அதில் கண்ணாடி மாதிரி ஒரு ஏரி, பின்னால் பச்சை மலை, நடுவில் ஆரஞ்சு கலரில் ஒரு கூடாரம், உள்ளே விளக்கு. அவ்வளவுதான்.. அன்று இரவே வாட்ஸ்அப் குரூப் ரெடி, பெயர் ரெடி, டிபி ரெடி. எங்கே போவது என்பது மட்டும் கடைசியில்தான் முடிவாகும்!

அந்தப் படம் பெரும்பாலும் கனடாவிலோ நார்வேயிலோ எடுத்ததாக இருக்கும். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கூடாரம் போடும் இடத்துக்கு நம்பர் உண்டு. சாப்பாட்டைக் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும், வைக்காவிட்டால் அபராதம். ஸ்வீடனில் இன்னும் ஒரு படி மேலே, யாருடைய வயலையும் கெடுக்காமல் எந்தக் காட்டிலும் ஓரிரு இரவு தங்குவது அந்நாட்டு மக்களின் உரிமை. இங்கே அப்படி ஒரு உரிமை இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் வருட வனச் சட்டப்படி குற்றம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், இன்றைக்கும் செல்லுபடியாகிறது. ஆகவே ரீல்ஸில் வருவதை அப்படியே இங்கே செய்து பார்ப்பது முதல் கோணல்.

இரண்டாவது கோணல்தான் முக்கியமானது. "லேக்" என்று அவர்கள் சொல்வதும் "ஏரி" என்று இந்த ஊர்ப்பக்கம் சொல்வதும் ஒன்றல்ல. அவர்களுடையது பெரும்பாலும் பனிப்பாறை தோண்டிய பள்ளம், வருடம் முழுக்கத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும். திருவண்ணாமலை மாவட்டத்து ஏரி என்பது மனிதன் கட்டியது. சரிவில் ஓடிவரும் மழைத் தண்ணீரை ஒரு மண்கரை போட்டு மறித்து, மதகு வைத்து வயலுக்கு விடுகிற ஏற்பாடு அது. மிஞ்சிய தண்ணீர் வெளியேற ஓரத்தில் கலங்கல் இருக்கும். "ஏரி கோடி போகுது" என்று ஊரே ஓடிப்போய் வேடிக்கை பார்க்குமே, அந்த இடம். பெரிய ஏரி என்றால் அரசின் நீர்வளத்துறை பார்க்கும், பாசனப் பரப்பு நூறு ஏக்கருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் பார்க்கும்.

இதனால் என்ன என்கிறீர்களா? மாசி, பங்குனி வந்துவிட்டால் ஏரி சுருங்கி நடுவில் ஒரு குட்டையாக நிற்கும். சுற்றிலும் வெடித்துக் காய்ந்த சமதரை, நடுவே பசும்புல், ஓரத்தில் கருவேல மர நிழல். டென்ட் போட இதைவிட நல்ல இடம் கிடையாது என்று தோன்றும். அந்த மாதங்களில் பெரிய ஆபத்தும் இல்லைதான். ஆனால் பசங்க டென்ட் கேட்பது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில், "கிளைமேட் சூப்பரா இருக்கு" என்பதால். அதாவது வடகிழக்குப் பருவமழை காலத்தில்! பகலில் பார்த்த சமதரை என்பது ஏரியின் வயிறு. மேலே இருக்கும் ஏரி ஒன்று ராத்திரி கோடி போனால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்குத்தான் வரும், ஏனென்றால் இந்த ஏரிகள் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டவை. இங்கே ஒரு சொட்டு மழை பெய்யாமலேகூடக் காலையில் கூடாரம் தண்ணீரில் நிற்கலாம். சரி, கரை மேலே போடலாமே என்றால் அது வண்டி போகிற பாதை, பாம்புப் புற்றும் அங்கேதான். கலங்கல் பக்கமோ கேட்கவே வேண்டாம்.

தண்ணீரின் வேகத்தை யாரும் கற்பனை செய்து பார்க்க வேண்டியதில்லை, 2024-லேயே எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை ஆறு விழுப்புரம், கடலூர் வரைக்கும் ஊருக்குள் புகுந்தது. அணைக்குக் கீழே அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே அந்த செப்டம்பரில்தான் திறந்த புதுப் பாலம் அடித்துக்கொண்டு போனது. பாலத்தையே தூக்கிய தண்ணீருக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் டென்ட் எம்மாத்திரம்?

சாத்தனூர் பற்றி இன்னொரு விஷயம். அணையும் பூங்காவும் அழகு, மீன் வறுவல் பிரமாதம், ஒருநாள் சுற்றுலாவுக்குக் குறையே இல்லை. ஆனால் அங்கே முதலைப் பண்ணை இருப்பது எல்லோருக்கும் தெரியும், நீர்த்தேக்கத்திலும் முதலைகள் இருப்பது பல பேருக்குத் தெரியாது. தண்ணீர் ஓரத்தில் டென்ட் போட்டுவிட்டு விடிகாலையில் முகம் கழுவ இறங்குகிற திட்டம் இருந்தால் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யவும் :-)

அடுத்து மலை. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு மலை தேடுவானேன், அண்ணாமலையே இருக்கிறதே, 2,668 அடி, மேலே போய் ஒரு ராத்திரி படுத்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. முக்கியமாக வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் இருக்கிறது, நடக்க வேண்டும் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? ரமணர் இருந்த விருபாட்ச குகையும் ஸ்கந்தாசிரமமும் பார்க்கப் பகலில் நடந்து போகலாம். ஆனால் மேலே கூடாரம் என்ற பேச்சு 2024 டிசம்பர் 1-க்குப் பிறகு எடுபடாது. அன்று மாலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடுகள் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருடம் தீபத்துக்குக்கூட பக்தர்களை மலை ஏற விடவில்லை. காலம் காலமாக ஏறுகிற மலையே ஒரு மழையில் பிடி தளர்ந்து போகும் என்பதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

இடம் தேடுகிறவர்கள் அந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பயம் அல்ல, ஒரு பழக்கம். கூடாரம் அடிக்கும் முன் மேலே அண்ணாந்து பார்ப்பது! சரிவில் தனியாகத் தொற்றிக்கொண்டிருக்கும் பாறை, வேர் வெளியே தெரியும் மரம், புதுசாக விழுந்த மண், மழைத்தண்ணீர் அறுத்த ஓடை, இதில் ஒன்று இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். கீழே இறங்கி வியூ குறைந்தாலும் பரவாயில்லை.

கோடையில் போகலாமே, மழை இல்லையே என்றால் அப்போது நெருப்பு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள், மொத்தம் 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் போன இளவயதுக்காரர்கள். காய்ந்த போதைப்புல் மார்ச் மாதத்தில் எப்படி எரியும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், பஸ் ஏறி வந்தவர்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் அதே வருடம் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழித்தடங்களைத் திறந்து, ஆன்லைனில் பதிவு, உள்ளூர் பழங்குடி இளைஞர்களே வழிகாட்டி என்று ஒழுங்காக நடத்த ஆரம்பித்தது. நல்ல வேலை. கட்டணம் மட்டும் மாணவர் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் கனம். கல்லூரி அடையாள அட்டை காட்டினால் பாதி என்று வைத்தால் திருட்டுத்தனமாகக் காட்டில் நுழைகிறவர்களில் பாதிப்பேராவது குறைவார்கள்.

அப்படியென்றால் எங்கேதான் போவது? இந்த மாவட்டத்திலேயே ஜவ்வாது மலை இருக்கிறது. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறினால் கோலப்பன் ஏரி, படகு, கொஞ்ச தூரத்தில் பீமன் அருவி, சுற்றிலும் சாமை வயலும் பலா மரமும். மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். (மலையாளி என்றால் கேரளா இல்லை, மலையை ஆள்பவர்கள் என்று அர்த்தம். தமிழ்தான் பேசுகிறார்கள்.) காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதும் அதே மலையில்தான். அங்கேயிருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆய்வகத்துக்கு அந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருட்டு. நட்சத்திரம் பார்க்கவென்று அங்கே போகிறவர்கள் டென்டைச் சுற்றி கலர் சீரியல் பல்பு கட்டி, ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு போடுவதை என்னவென்று சொல்வது!

ஜவ்வாதிலும் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கக்கூடாது. அங்கே சந்தன மரக் கடத்தலுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குக் காப்புக்காட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கும் எட்டுப் பேரை வனக்காவலர் எப்படிப் பார்ப்பார் என்று யோசித்தாலே போதும். கரடியும் உண்டு. ஊரை ஒட்டிய பட்டா நிலம், சொந்தக்காரர் பக்கத்து வீட்டிலேயே இருப்பவர், அவர் அனுமதி, அவர் வீட்டுச் சாப்பாடு. இதுதான் சரியான இடம். "ராத்திரி மழை வந்தா பள்ளிக்கூடத் திண்ணைக்கு வந்துடுங்க தம்பி" என்று சொல்ல ஒரு ஆள் இருப்பது எந்த வியூவைவிடவும் பெரிது.

பணக்கணக்குக்கு வருவோம், காமர்ஸ் படிக்கிறவர்கள் இதையாவது சரியாகப் பார்க்க வேண்டாமா? பத்துப் பேர், ஆளுக்கு 1,500 என்று ஒரு பேக்கேஜ் என்று வைத்துக்கொண்டால் 15,000. போன் நம்பர் மட்டும் இருக்கிற ஒரு "ஆர்கனைசர்" முன்பணம் வாங்கிக்கொள்வார். ரசீது கேட்டால் "எதுக்கு ப்ரோ" என்பார். அங்கேயே திரும்பிவிடலாம். ரசீது என்பது வெறும் கணக்குக் காகிதம் இல்லை, நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்கான ஒரே சாட்சி. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி அருகே ஒரு தங்குமிடத்தில் டென்டில் இருந்த பெண் ஒருவரை யானை கொன்றது. அங்கே கூடாரத்தில் ஆட்களைத் தங்க வைக்க உரிமமே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. பணம் கட்டும்போது யாரும் கேட்கவில்லை.

அந்த 15,000-ல் ஜமுனாமரத்தூர் குடும்பத்துக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். நேரடியாகப் பேசினால் செலவு குறையும், பணமும் மலையிலேயே தங்கும். தேனும் சாமையும் வாங்கிக்கொண்டு இறங்கினால் வீட்டில் அம்மா திட்டும் கொஞ்சம் குறையும்.

யானை, கரடி என்று பேசிவிட்டுச் சின்ன உயிர்களை விட்டுவிடக்கூடாது, உண்மையில் ஆபத்து அங்கேதான் அதிகம். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு, தரையில் படுத்திருப்பவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும், பல சமயம் வலிகூடத் தெரியாது. அடிப்பாகம் சேர்த்துத் தைத்த, ஜிப் முழுசாக மூடுகிற டென்ட் இதற்கு நல்ல காப்பு. ஆனால் காற்று வரட்டும் என்று ஜிப்பைத் திறந்துபோட்டுத் தூங்குவது நம்ம வழக்கம்! இன்னொன்று ஸ்க்ரப் டைஃபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருகிற காய்ச்சல். வேலூர், திருவண்ணாமலை பக்கம் மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் அதிகம் வருகிறது. முகாம் போய் வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், உடம்பில் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் புண் இருக்கிறதா என்று பார்த்து, "புதர்ப்பக்கம் படுத்திருந்தேன்" என்று டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையிலேயே கேட்கும். வீட்டுக்குத் தெரியாமல் போனவர்கள் அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் பிரச்சினையே.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஜவ்வாது மலையில் கோடை விழா நடத்துகிறார்கள், மேடை போடுகிறார்கள், மலர்க் கண்காட்சி வைக்கிறார்கள். ஜமுனாமரத்தூரில் ஒரு இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தில் இருபது கூடாரத்துக்கு இடம், நாலு கழிப்பறை, ஒரு குடிநீர்க் குழாய், ஒரு காவலாளி, ஆளுக்கு இருநூறு ரூபாய் டிக்கெட் என்று போட்டால் போதும். நட்சத்திர ஓட்டல் யாரும் கேட்கவில்லை. போகக்கூடாது என்று போர்டு வைக்கும் இடங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, இங்கே போகலாம் என்ற போர்டையும் ஒன்றிரண்டு வைத்தால் என்ன?

பி.கு: நட்சத்திரம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அமாவாசையை ஒட்டிப் போகவும். பௌர்ணமியில் வானத்தில் நிலாவைத் தவிர ஒன்றும் தெரியாது, தவிர அன்றைக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து போளூர் பஸ்ஸில் ஏறுவது பர்வதமலை ஏறுவதைவிடக் கஷ்டம்.