ஆடுகிற பல்லும் வெட்டுப் பட்டையும்



"பல்லு ஆடுதுங்க, வயசாயிடுச்சில்ல?"

இந்தப் பேச்சைத் தோட்டத்தில் கேட்காதவர் இருக்க முடியாது. சொல்கிறவருக்கு வயது எழுபதா? இல்லை, நாற்பத்தைந்துதான் இருக்கும். முதலில் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. வலி இல்லையே என்று விட்டுவிட்டார். அப்புறம் வாய் நாறியது. வெற்றிலை போட்டு மறைத்தார். பிறகு பல் ஆடியது. ஒருநாள் சோறு தின்னும்போது தானே கழன்று கைக்கு வந்தது. "எல்லாம் தலையெழுத்து" என்று தூக்கி எறிந்துவிட்டார்.

தலையெழுத்தும் இல்லை, வெறும் வயதும் இல்லை. இந்த மாதம் நான் சொல்ல வந்தது அதுதான். பெரும்பாலும் பல் ஆடுவதற்குக் காரணம் பல் அல்ல. அதைப் பிடித்து நிற்கும் தாடை எலும்பு கரைந்துபோவதே காரணம். எலும்பு கரைய வழி செய்வதும், கரைந்த இடத்தில் புதிதாக வளர விடாமல் தடுப்பதும் கிருமியின் நஞ்சு.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறதல்லவா? வெட்டிய இடத்தில் புதுப் பட்டையை உண்டாக்குவது அதுதான். கத்தி ஆழமாகப் போய் அந்த அடுக்கு காயப்பட்டால், புதுப் பட்டை சீராக வராது. முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். அதனால்தான் மரத்தில் காயம் போட்டால் கங்காணி அப்படிச் சத்தம் போட்டார். மழைக்காலத்தில் வெட்டுப் பட்டையில் கறுப்புக் கோடு விழும் நோய் வந்தாலும் இதே கதிதான். கத்தி தவறு செய்யாவிட்டாலும், கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமி உள்ளே போய் அந்த அடுக்கை அழுகவைத்துவிடும்.

நம் உடம்பிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. எலும்பு என்பது கல் இல்லை. ஒரு பக்கம் அரிக்கப்பட்டு, மறு பக்கம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கட்டுகிற வேலைக்கு ஆள் தருவது மூல உயிரணுக்கள். ஆங்கிலத்தில் 'ஸ்டெம் செல்' என்பார்கள். எலும்பு மச்சையில் இத்தகைய உயிரணுக்கள் இருப்பதை 1960-களில் ரஷ்ய விஞ்ஞானி அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைனும் அவருடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். பல்லின் வேரையும் தாடை எலும்பையும் இணைத்துக் கட்டும் மெல்லிய நாரிலும் அவை இருப்பது 2004-ல் வெளியானது. அதாவது, நம் வாய்க்குள்ளேயே அந்த 'மெல்லிய அடுக்கு' இருக்கிறது.

சரி, கிருமி என்ன செய்கிறது? துலக்காத பல்லில் அழுக்கு படிந்து, நாளாக ஆகக் காரையாக இறுகுகிறது. அது ஈறுக்கு அடியில் இறங்கும்போது, காற்றே இல்லாத அந்த இடுக்கில் 'போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ்' போன்ற கிருமிகள் குடியேறுகின்றன. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் கிருமி நுழைந்துவிடும்! அதன் மேலுறையிலேயே ஒரு நஞ்சு இருக்கிறது. கிருமி செத்து உடைந்தாலும் உறைத்துண்டு உள்ளே கிடந்து வேலையைக் காட்டும்.

இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூல உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து, எலும்பாக மாறத் தேவையான ஊட்டம் கொடுப்பார்கள். சில வாரங்களில் சுண்ணாம்புச் சத்து படியும். ஒரு வகைச் சாயத்தை ஊற்றினால் படிந்த இடமெல்லாம் சிவக்கும். ஊட்டத்தோடு கிருமியின் நஞ்சையும் சேர்த்து வளர்த்தால் அந்தச் சிவப்பு குறைந்துவிடுகிறது. உயிரணு சாகவில்லை. ஆனால் எலும்பு கட்டும் வேலையைக் குறைத்துக்கொண்டு, "எதிரி வந்துட்டான்" என்று கூக்குரல் போடுகிறது. அந்தக் குரல் கேட்டு வீக்கம் வருகிறது. எலும்பை அரிக்கும் உயிரணுக்களும் பெருகுகின்றன. கட்டுகிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, இடிக்கிறவன் ஓவர்டைம் பார்க்கிறான்! வீடு நிற்குமா?

தட்டு வேறு, வாய் வேறு என்பது உண்மை. வாயில் கிருமியோடு நம் உடம்பு நடத்தும் போராட்டமும் சேர்ந்துதான் எலும்பைத் தின்கிறது. ஆனாலும் பாடம் ஒன்றே: நஞ்சை அகற்றாமல் எலும்பு தேறாது. அதை விட்டுவிட்டுக் கால்சியம் மாத்திரை விழுங்குவதில் பயனில்லை. 'ஸ்டெம் செல் மருந்து' என்று விளம்பரம் செய்கிறவனிடம் சம்பளப் பணத்தைக் கொட்டுவதும் வீண். கரைந்துபோன தாடை எலும்பை முழுதாகத் திருப்பித் தரும் மாத்திரை எதுவும் இல்லை. இருக்கிறதைக் காப்பாற்றுவதுதான் வழி.

காப்பாற்றுவது எப்படி? காலையிலும் இரவு படுக்குமுன்னும் பற்பசை போட்டுத் துலக்குங்கள். கரியும் மணலும் வேண்டாம். பல் மருத்துவரிடம் போய்க் காரையை எடுத்துவிடுங்கள். "காரை எடுத்தா பல்லு ஆடும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. காரைதான் அதை மூடி மறைத்து நின்றது. வெற்றிலை போடும் அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை: துப்புகிற சிவப்பில் இரத்தச் சிவப்பு தெரியாது. காலையில் வெற்றிலைக்கு முன் துலக்கும்போது கவனியுங்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. புகை இரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும், நோயோ உள்ளே வளரும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். ஈறு கெட்டால் இனிப்பும் கட்டுக்கு வராது.

"கிளினிக்குக்குப் போனா அன்னிக்குச் சம்பளம் போயிடுமே" என்கிறீர்கள். நியாயமான பேச்சு. ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு, மருத்துவர் தரும் எம்.சி.யைப் போலவே பல் மருத்துவர் பரிசோதித்துத் தரும் எம்.சி.க்கும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்கிறது. இரண்டாண்டுக்கும் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாள், ஐந்தாண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மற்ற நோய் விடுப்பும் இந்தக் கணக்கில் அடக்கம். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும், மறக்காதீர்கள். நம்மோடு செம்பனைக் குலை வெட்டும் வெளிநாட்டுத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். அவருக்கும் அதே எலும்புதான், அதே சட்டம்தான்.

கிளைச் செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீர், வீடு, சம்பளம் என்று பேசுகிற நாம் பல்லைப் பற்றி நிர்வாகத்திடம் வாய் திறப்பதில்லை. அரசாங்கத்தின் நடமாடும் பல் மருத்துவக் குழு நம் தோட்டத்துக்கும் வர வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மழைக்காலத்தில் கறுப்புக் கோடு விழுந்தபோது நிர்வாகம் என்ன செய்தது? மருந்தைக் கலக்கி, ஒவ்வொரு மரமாக வெட்டுப் பட்டையில் பூச வைத்தது. புதுப் பட்டை வராவிட்டால் பால் இல்லை, பால் இல்லாவிட்டால் இலாபம் இல்லை என்று அதற்குத் தெரியும்.

மரத்தின் பட்டைக்கு இருந்த மரியாதை, அந்த மரத்தை வெட்டியவரின் தாடைக்கு வேண்டாமா?

நாளைக் காலையில் பல் துலக்கியதும் எச்சிலைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே பல் மருத்துவரைப் பாருங்கள்.