எண்ணூரிலிருந்து குற்றவியல் படிக்கப் போகிறவர்களுக்கு

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் பக்கமிருந்து முதுகலையில் குற்றவியல் எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “அக்கா, இங்கேயே படிக்கலாமா, வெளிநாடு போகணுமா?” விசா, கட்டணம், ஆங்கிலத் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. பல்கலைக்கழகக் கையேடுகளில் ‘சர்வதேசப் பார்வை’ என்று போடுகிறார்களே, அது எங்கிருந்து எதைப் பார்க்கும் பார்வை? இதை யோசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏனென்றால் இந்தத் துறை பிறக்கும்போதே சர்வதேசத் துறைதான். சிலர் பிறக்கும்போதே குற்றவாளிகள், மண்டையோட்டையும் தாடையையும் வைத்தே அவர்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்று இத்தாலியில் லொம்ப்ரோசோ எழுதியது 1876இல். அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1871இல், பிரிட்டிஷ் இந்திய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. ஐரோப்பாவுக்கு மண்டையோடாவது தேவைப்பட்டது. இங்கே அதுவும் தேவைப்படவில்லை, சாதி இருந்தது. தச்சன் மகன் தச்சன் என்றால் திருடன் மகன் திருடன்தானே என்பதுதான் சட்டம் கொண்டுவந்தவர்களின் வாதம். அதாவது வெள்ளைக்காரன் தன் குற்றவியலை இங்கே கொண்டுவந்து இறக்கினான் என்பது பாதிக் கதை. வருணம் சொன்ன பிறப்புக் கணக்கை எடுத்துக் காவல் நிலையப் பதிவேட்டில் ஏற்றினான் என்பது மீதிக் கதை.

சென்னை இதில் ஒரு சோதனைக்கூடம். சென்னை மாகாணத்தின் ‘குற்ற வகுப்புகள்’ பற்றி இங்கிருந்த போலீஸ் அதிகாரி முல்லாலி 1892இல் புத்தகமே போட்டார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து எட்கர் தர்ஸ்டன் சாதி வாரியாக மூக்கையும் தலையையும் அளந்தார். கல்கத்தாவில் அஜிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் ஆகியோரின் உழைப்பில் உருவான கைரேகை வகைப்பாட்டு முறை 1901இல் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. லண்டனில் வகுப்பறையில் கைரேகை வரலாறு நடத்தும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது வெளிநாட்டுப் பாடமல்ல. 1911 திருத்தத்தில் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை பக்கம் அதற்குப் பெயரே ரேகைச் சட்டம். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்பட 17 பேர் செத்தார்கள். (அன்று பட்டியலில் இருந்த சாதிகளெல்லாம் இன்று ஒரே நிலையில் இல்லை. சிலர் தங்கள் ஊர்ச் சேரியில் என்ன செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். குறவர்களும் இருளர்களும் இன்றும் பொய் வழக்குக்கு வசதியான ஆட்களாகவே வைக்கப்பட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.)

1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது. பட்டியல் போடும் பழக்கம் ஒழியவில்லை. 72 ஆண்டு கழித்து, 2024 அக்டோபர் 3 அன்று, சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை நீக்கு, சாதி பார்த்து வேலை கொடுக்காதே என்று உச்ச நீதிமன்றம் சுகன்யா சாந்தா வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதி வாரியாக அடைத்து வைத்ததும் அந்தத் தீர்ப்பில் வருகிறது.

இப்போது நம்ம ஏரியாவுக்கு வருவோம். ஏ பிளஸ், ஏ, பி என்று ரவுடிகளை வகை பிரித்துக் காவல்துறை பட்டியல் வைத்திருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஓர் அடிதடி வழக்கு, அடுத்து நன்னடத்தைப் பிணை, அடுத்து சரித்திரப் பதிவேடு, அடுத்து 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டத்தில் ஓராண்டு வரை விசாரணையில்லாத சிறை. ஏணிப்படி மாதிரி இது. ஏறுவதற்கு வழி உண்டு, இறங்குவதற்கு இல்லை. தேர்தல் வந்தாலும் திருவிழா வந்தாலும் முதலில் தட்டப்படும் கதவு அவர்களுடையது. 2022 ஜூனில் கொடுங்கையூர் காவல் நிலையத்தில் ஓர் இளைஞர் இறந்தபோது, எப்படி இறந்தார் என்பதற்கு முன்பே அவர் மீது எத்தனை வழக்கு இருந்தது என்பது செய்தியாகிவிட்டது. 2024 ஜூலையில் தோழர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் கொல்லப்பட்ட பின், புதிதாக வந்த காவல் ஆணையர், ரவுடிகளுக்குப் புரியும் மொழியில் பேசுவோம் என்ற பொருள்படச் சொன்னார். ஜூலையிலும் செப்டம்பரிலும் என்கவுன்ட்டர்கள் நடந்தன. ஆம்ஸ்ட்ராங் கொலைக்கு நீதி வேண்டும் என்று முதலில் தெருவில் நின்றவர்கள் நாம். அந்த நீதியை நீதிமன்றத்தில்தான் கேட்டோம். விசாரணைக்குரியவரைச் சுட்டுவிட்டால், அவரை ஏவியவர் யார் என்ற கேள்விக்குப் பதில் எங்கே கிடைக்கும்?

லண்டனில் இதே மாதிரி ஒரு பட்டியல் இருந்தது. 2011 கலவரத்துக்குப் பின், 2012இல், பெருநகரக் காவல்துறை ‘கேங்ஸ் மேட்ரிக்ஸ்’ என்ற தரவுத்தளத்தை ஆரம்பித்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மதிப்பெண். யாருடன் சுற்றுகிறான், யூடியூபில் எந்தப் பாட்டில் நிற்கிறான் என்பதெல்லாம் கணக்கு. பட்டியலில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள் என்று 2018இல் ஆம்னெஸ்டி அறிக்கை போட்டது. அதே ஆண்டு தகவல் ஆணையர் அலுவலகம், தரவுப் பாதுகாப்புச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்றது. லிபர்ட்டி அமைப்பு வழக்கு நடத்தியது. 2022இல் காவல்துறையே தவறை ஒப்புக்கொண்டது. 2024 பிப்ரவரியில் பட்டியல் கைவிடப்பட்டது.

சர்வதேசப் பார்வை என்று நான் சொல்வது இதைத்தான். லண்டனில் அந்தப் பட்டியலை உடைத்தது நல்லெண்ணமல்ல, எண்ணிக்கை. யார் அதில் இருக்கிறார்கள், எந்த நிறம், எந்தத் தெரு என்று எண்ணிக் காட்ட முடிந்தது. சென்னைப் பட்டியலில் எத்தனை பேர் தலித்துகள், எத்தனை பேர் மீனவர்கள், எத்தனை பேர் பாரிமுனைக்கு வடக்கே இருப்பவர்கள்? நாம் எண்ணிப் பார்க்க அப்படி எதுவும் வெளியிடப்படுவதில்லை. 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதி, பழங்குடி, பின்தங்கிய பிரிவுகளைச் சேர்ந்தவர் என்பதற்காகவே ஒருவர் பெயரை இயந்திரத்தனமாகச் சரித்திரப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது, மாநிலங்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்றது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் காவல் நிலையமாகப் போய்க் கேட்கும் ஆய்வு நமக்கு வேண்டும்.

பட்டியலில் யார் இல்லை என்பதையும் கேட்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, நண்டு எல்லாம் கறுப்பு. மீனவர்களே கையால் எண்ணெய் அள்ளினார்கள். அது ஆறும் முன்பே, டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கோரமண்டல் நிறுவனத்தின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பரிந்துரைத்த இழப்பீடு ரூ.5.92 கோடி. இரண்டுக்கும் ‘சம்பவம்’, ‘கசிவு’, ‘விபத்து’ என்றுதான் பெயர். குற்றம் என்ற சொல் கத்தி வைத்திருக்கும் பையனுக்கு மட்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கையில் சுற்றுச்சூழல் குற்றங்கள் என்று ஓர் அத்தியாயம் உண்டு. அதைத் திறந்து பாருங்கள், பெரும்பாலான வழக்குகள் சிகரெட், புகையிலைச் சட்டத்தில் போட்டவை. டீக்கடை ஓரம் பீடி பிடித்தவர் அங்கே சுற்றுச்சூழல் குற்றவாளி.

இந்தக் கேள்வியும் புதிதல்ல. பெரிய முதலாளிகள் செய்வதும் குற்றமே என்று அமெரிக்காவின் எட்வின் சதர்லாண்ட் 1939இல் பேசினார். 70 பெரிய நிறுவனங்களின் சட்டமீறல்களைத் தொகுத்து 1949இல் புத்தகம் கொண்டுவந்தபோது, வழக்கு வரும் என்று பயந்த பதிப்பகம் நிறுவனப் பெயர்களை நீக்கச் சொன்னது. பெயர்களோடு அது வெளிவந்தது 1983இல், அவர் இறந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆன பிறகு. பதினெட்டு வயதுப் பையனின் பெயரும் படமும் அப்பா பெயரும் ஒரே இரவில் செய்தியில் வந்துவிடுகிறது.

சரி, இதையெல்லாம் படிக்க யார் போகப் போகிறார்கள்? பட்டியல் சாதி, சீர்மரபின மாணவர்களுக்காக ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. மொத்தம் 125 இடம். அதில் சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினருக்கு 6. 2022 பிப்ரவரியில் அதன் விதிகளில் ஒரு வரி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவித்தொகை கிடையாது. எண்ணூர்ப் பெண் ஒருத்தி லண்டன் காவல்துறையின் பட்டியலை ஆராய அரசுப் பணத்தில் போகலாம். காசிமேட்டுப் பட்டியலை ஆராய முடியாது. பாட்டனார் எதற்காக ராத்திரியில் காவல் நிலையத்தில் போய்ப் படுத்தார் என்று பேரன் ஆராய முடியாது, அந்தப் பாட்டனார் பெயரால்தான் அவனுக்கு அந்த 6 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றாலும். இந்தியாவைப் பற்றிப் படிக்க வெளிநாடு எதற்கு என்று கேட்பவர்கள், அம்பேத்கர் சாதியைப் பற்றிய தன் முதல் ஆய்வுக் கட்டுரையை 1916இல் நியூயார்க்கில் வாசித்தார் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே தம்பி, தங்கச்சி, இங்கே படித்தாலும் சரி, அங்கே போனாலும் சரி. விண்ணப்பத்தில் ஆய்வுத் தலைப்பு என்ற கட்டத்தை நிரப்பும் முன் ஒருநாள் எண்ணூர் முகத்துவாரத்துக்கும், ஒருநாள் ஜார்ஜ் டவுன் நீதிமன்ற வளாகத்துக்கும் போய் வாருங்கள். அங்கே ஒரு திங்கட்கிழமை காலை வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 2022 விதியை நீக்கச் சொல்லி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள். வடிவம் தெரியவில்லையென்றால் கேளுங்கள், உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம்.